ஆடி கழியட்டும்

ஜூலை 8, செவ்வாய்

சிக்கொண்டியின் ஆய்வேட்டுக்கு இரண்டு அறிக்கைகளும் வந்துவிட்டன. ஒன்று கோயம்புத்தூரிலிருந்து, இன்னொன்று வெளிநாட்டிலிருந்து. இரண்டு பேருமே ஒரு குறையும் சொல்லாமல் பட்டம் தரலாம் என்று எழுதியிருக்கிறார்கள். கோயம்புத்தூர்க்காரர் 'மிகச் சிறப்பு' என்று வேறு போட்டிருக்கிறார். என் ஆய்வேட்டுக்கு அந்தக் காலத்தில் ஒருவரும் அப்படிப் போடவில்லை.

இனி பொது வாய்மொழித் தேர்வு ஒன்றுதான் பாக்கி. வைவா என்றால்தான் இங்கே காவலாளிக்குக்கூடப் புரியும். தேதி வைக்க வேண்டியது வழிகாட்டியான நான்.

காலையில் சிலிண்டர் தீர்ந்துவிட்டது. பாதி வெந்த சாம்பாரை மின்சார அடுப்புக்கு மாற்றினேன். என் வீட்டுக்காரருக்கு முட்டி வலி. சிலிண்டரை மாட்ட முடியாது, ஆனால் எப்படி மாட்ட வேண்டும் என்று நாற்காலியில் உட்கார்ந்து சொல்ல முடியும்.

துறைக்குள் நுழைந்ததும் சிக்கொண்டி எதிரே வந்து நின்றாள். நாலு வருஷம் முன்னால் மலாவியிலிருந்து ஒரு பெட்டியோடு வந்தவள். சிக்கொண்டி என்றால் அவர்கள் பாஷையில் அன்பு என்று பொருளாம். விடுதிப் பெண்களோடு பழகி, விழுப்புரத்துக்காரி மாதிரியே தமிழ் பேசுகிறாள்.

"மேடம், ரிப்போர்ட் வந்துடுச்சாமே. வைவா எப்ப வச்சிக்கலாம்?"

"வைக்கலாம், வைக்கலாம். இப்பதானே வந்திருக்கு" என்றேன்.

ஜூலை 14, திங்கள்

சிக்கொண்டி பத்தரை மணிக்கு என் அறைக்குள் ஓடிவந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. ஆப்பிரிக்காவின் இளம் விஞ்ஞானிகளைப் பெருமைப்படுத்துகிற ஓர் அமைப்பு இருக்கிறது. ஆண்டுதோறும் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவரவர் சொந்த ஊர்ப் பக்கத்திலேயே பொதுமக்கள் முன்னால் பேச வைப்பார்கள். பேராசிரியர்கள் முன்னால் அல்ல, ஊர்க்காரர்கள் முன்னால். இந்த ஆண்டு அவளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். செப்டம்பர் ஆறாம் தேதி, அவள் ஊருக்குப் பக்கத்து நகரத்தில், நகர மண்டபத்தில்.

"எங்கம்மா வருவாங்க மேடம். பஸ்ல அஞ்சு மணி நேரம். இருந்தாலும் வருவாங்க. கூடவே ஊர்ல இருக்கிற பொம்பளைங்க அத்தனை பேரும் வருவாங்க."

சந்தோஷமாகத்தான் இருந்தது. ஏன் இருக்காது? என் மாணவி. அவளைக் கட்டிக்கொண்டேன்.

ஒரு நிபந்தனை. பேசுகிறவர் ஆகஸ்ட் முப்பத்தொன்றுக்குள் டாக்டர் பட்டம் பெற்றிருக்க வேண்டும். வைவா முடிந்த அன்றே பல்கலைக்கழகம் தருகிற தாள் போதுமாம்.

மதியம் நடைவழியில் ஜெயசீலன் பிடித்துக்கொண்டார். செப்டம்பர் கடைசியில் நான் ஓய்வு பெற்றதும் துறைத் தலைவர் ஆகப் போகிறவர். "மேடம், உங்க பொண்ணு கலக்கிட்டா. வைவாவ இந்த வாரமே முடிச்சிடுங்க" என்றார். என் மாணவிக்கு எப்போது வைவா வைப்பது என்று எனக்குச் சொல்லித்தர இவர் யார்? "பார்க்கலாம் சார்" என்றேன்.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்துவிட்டது. பாயசம் வைத்தேன். சிக்கொண்டிக்கும் ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு போனேன். டப்பாவைக் கையில் வாங்கிக்கொண்டு, "வைவா டேட் மேடம்?" என்றாள்.

"ஆடி மாசத்துல நல்ல காரியம் வைக்க மாட்டோம். ஆடி கழியட்டும்."

"விடுதியில சுமதிக்குப் போன ஆடியிலதான் வைவா நடந்துச்சு."

"அவ வேற துறை."

வீட்டில் இதைச் சொன்னேன். இவர் பேப்பரைத் தாழ்த்தி என்னைப் பார்த்தார். "நீ மைக்ரோபயாலஜி புரொபசரா, ஜோசியரா? நம்ம வீட்டுக்குப் போர் போட்டது ஆடியிலதானே?"

"தண்ணி வரலியே" என்றேன். அவர் பேப்பரை மறுபடி தூக்கிக்கொண்டார்.

ஜூலை 25, வெள்ளி

அம்மன் கோவிலில் கூழ். வெயில். துறையில் ஏசி பழுது. வேறு ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 2, சனி

சிக்கொண்டியை உட்கார வைத்து நிதானமாகப் பேசினேன். இரண்டு கட்டுரைதான் வெளியாகியிருக்கிறது. மூன்றாவதையும் அனுப்பிவிட்டு வைவாவுக்குப் போனால் யாரும் வாய் திறக்க முடியாது.

"ரூல்ல ரெண்டுதானே மேடம்?"

"ரூல் வேற, தரம் வேற."

 அவளுக்குக் கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பாள். துடைத்தாள்.

ஒன்றை இங்கே எழுதிவைக்க வேண்டும். இந்தப் பெண்ணின் ஆராய்ச்சி நல்ல ஆராய்ச்சி. எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம், மற்ற இடங்களில் நிலக்கடலை. அதன் ஓடு காய்ந்து கெட்டியாக இருக்கும். கையால் உடைக்கிற பெண்களுக்கு விரல் நுனி வெடித்து ரத்தம் வரும். அதனால் முதல் நாளே தண்ணீர் தெளித்துச் சாக்குப் போட்டு மூடிவிடுவார்கள். ஓடு இளகிவிடும். மலாவியிலும் அதே வழக்கம், திண்டிவனத்திலும் அதே வழக்கம். அந்த ஈரத்தில்தான் பச்சைப் பூஞ்சை குடியேறி நஞ்சு வைக்கிறது. நஞ்சு நாக்குக்குத் தெரியாது. வருஷக்கணக்கில் தின்றால் ஈரல் போய்விடும். இரண்டு நாட்டிலும் நூற்றுக்கணக்கான மூட்டைகளில் மாதிரி எடுத்து, தெளித்த தண்ணீர் ஏற ஏற நஞ்சும் ஏறுவதை ஐயத்துக்கு இடமில்லாமல் காட்டியிருக்கிறாள். அவள் தம்பி பதினாறு வயதில் ஈரல் கெட்டுச் செத்தான். அவள் அம்மா இன்றைக்கும் கடலை உடைக்கிற கூலிக்குத்தான் போகிறாள்.

இதையெல்லாம் நான்தான் அவளுக்குக் கற்றுக்கொடுத்தேன் என்று சொல்லவில்லை. ஆனால் ஆய்வகம் என்னுடையது. கருவி என் பெயரில் வாங்கியது. அவள் முதல் வருஷம் பூஞ்சை வளர்க்கத் தெரியாமல் தட்டு தட்டாகக் கெடுத்தபோது பக்கத்தில் நின்றவள் நான்.

என் வழிகாட்டி என்னுடைய வேலையை ஐதராபாத் மாநாட்டில் அவரே படித்தார். நான் பக்கத்தில் நின்று ஸ்லைடு மாற்றிக்கொண்டிருந்தேன். கடைசியில் 'எங்கள் குழு' என்றார். குழுவில் நான் ஒருத்திதான். அப்போதெல்லாம் அப்படித்தான். அதற்காக யாரும் செத்துப்போகவில்லை. அன்று சாயங்காலம் அவர் எனக்கு ஒரு பிளேட் பிரியாணி வாங்கிக் கொடுத்தார்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி ஒன்று. பால்காரர் வரவில்லை.

காலையிலேயே சிக்கொண்டி போன் செய்தாள். "மேடம், ஆடி முடிஞ்சிடுச்சு." வேறு எதுவும் சொல்லவில்லை. மூன்றாவது கட்டுரையையும் அனுப்பிவிட்டாளாம். ராவெல்லாம் கண் விழித்திருப்பாள்.

வைவாவுக்கு வர வேண்டிய கோயம்புத்தூர்க்காரரிடம் பேசினேன். இருபத்திரண்டாம் தேதி வெள்ளிக்கிழமை வருகிறேன் என்றார். இந்த மாதத்தில் அவருக்கு வேறு நாளே கிடையாதாம். பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

அன்றுதான் இவரை முட்டி டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

இவரிடம் இருபத்திரண்டைச் சொன்னேன். "நான் ஆட்டோவுல போய்ட்டு வந்துடுவேன், நீ வைவாவ வை" என்றார்.

"உங்களுக்குப் படியேற முடியாது."

"லிப்ட் இருக்கு."

"போன தடவ லிப்ட் ஓடல."

அவர் முட்டியைத் தடவிக்கொண்டார். பிறகு, "சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான்" என்றார். யாரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. ரசத்துக்கு உப்பு போதவில்லை என்று மட்டும் பிறகு சொன்னார்.

கோயம்புத்தூருக்கு முடியாது என்று சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

முட்டி டாக்டர் ஊரில் இல்லை. லிப்ட் ஓடியது.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

ஜெயசீலன் இரண்டு ஆட்களோடு வந்து என் அறையின் சுவரை அளந்தார். புது ஏசி மாட்ட வேண்டுமாம். "நீங்க இருக்கும்போதே மாட்டிட்டா உங்களுக்கும் கொஞ்சம் ஜில்லுன்னு இருக்குமே மேடம்." வாயில் நல்லதாக எதுவும் வரவில்லை. வெளியே போகச் சொன்னேன்.

சிக்கொண்டி என் கடைசி மாணவி. இவள் போய்விட்டால் ஆய்வகத்தில் என்னை 'மேடம்' என்று கூப்பிட ஆள் இல்லை. அதற்காக நான் அவளை நிறுத்திவைக்கிறேன் என்று துறையில் பேசிக்கொள்கிறார்களாம். நாக்கில் நரம்பில்லாத ஜென்மங்கள். இந்தத் துறையில் ஒரு பிள்ளைக்கும் நான் கெடுதல் நினைத்ததில்லை.

செப்டம்பர் 1, திங்கள்

முப்பத்தொன்று போய்விட்டது.

மலாவியிலிருந்து அந்த அமைப்பின் செயலாளர் டாக்டர் கும்வெண்டா என்னைக் கூப்பிட்டார். மிகவும் மரியாதையான மனிதர். விதியை மாற்ற முடியாது, மண்டபமும் கூட்டமும் ஏற்பாடு ஆகிவிட்டது, பேருரையை ரத்து செய்தால் பெண்களெல்லாம் ஏமாந்து போவார்கள் என்றார். இந்த ஆய்வை வழிநடத்தியவர் என்ற முறையில் நானே இங்கிருந்து காணொளியில் பேச முடியுமா என்று கேட்டார்.

யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். "சொல்றேன்" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "சரி" என்று வந்துவிட்டது.

நான் பேசுவது ஆங்கிலத்தில். அவர்கள் பேசுவது சிச்சேவா. ஒவ்வொரு வாக்கியத்தையும் மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்றார். "அதுக்குத்தான் சிக்கொண்டி இருக்காளே" என்றேன்.  லைன் போய்விட்டதோ என்று இரண்டு தரம் 'ஹலோ' சொன்னேன்.

சிக்கொண்டியிடம் நானே சொன்னேன். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்வதுபோல லேசாகத்தான் சொன்னேன். அவள் கண்ணாடியைத் துடைக்கவில்லை. "எங்கம்மா கிளம்புறதுக்குப் புதுத் துணி தச்சிட்டாங்க மேடம்" என்றாள்.

"வரட்டும். திரையில உன்னையும் பாப்பாங்கல்ல?"

செப்டம்பர் 4, வியாழன்

உரையைத் தயாரித்தோம். படங்கள் அவளுடையவை. நான் வரிசையை மட்டும் மாற்றினேன். ஒரு படத்தில் 'காரணம்: பெண்களின் அறியாமை' என்று எழுதினேன். அதைப் பார்த்ததும் அவள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

"இத வேணாம் மேடம். அங்க எங்கம்மா உக்காந்திருப்பாங்க."

"அறிவியல்ல அம்மா அப்பா கிடையாது. தண்ணி தெளிச்சா நஞ்சு வரும்னு அவங்களுக்குத் தெரியல. அதுக்குப் பேரு அறியாமைதானே?"

"அவங்க தெளிச்ச தண்ணிலதான் என் தம்பி செத்தான்னு நான் இதுவரைக்கும் அவங்ககிட்ட சொன்னதில்ல மேடம். நாலு வருஷமா எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சிட்டிருந்தேன். இந்த மேடையில சொல்லலாம்னு இருந்தேன். தனியா அவங்ககிட்ட சொன்னா தாங்க மாட்டாங்க. எல்லாப் பொம்பளைங்களோடயும் சேத்துச் சொன்னாத்தான் அவங்க ஒருத்தி மேல பழி விழாது."

எனக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. இருந்தாலும் வாக்கியத்தை எடுக்கவில்லை. உண்மை உண்மைதான். அதுவும் என் ஓய்வுக்கு முன்னால் நான் பேசுகிற ஒரே சர்வதேச மேடை. அதில் மழுப்பலாகப் பேச முடியாது.

புடவை எடுத்து வைத்தேன். கத்தரிப்பூ நிறப் பட்டு. இவர் பார்த்துவிட்டு, "ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே" என்றார். முட்டி வலி வந்தாலும் வாய்க்கு ஒரு வலியும் வருவதில்லை.

செப்டம்பர் 6, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அங்கே காலை பத்து மணி என்றால் இங்கே மதியம் ஒன்றரை. துறைக் கருத்தரங்க அறையில் கேமரா முன்னால் நானும் சிக்கொண்டியும் உட்கார்ந்தோம். திரையில் அந்த மண்டபம் தெரிந்தது. பாதிக்கு மேல் பெண்கள். வண்ணத்துணியை இடுப்பில் சுற்றி, முதுகில் குழந்தையைக் கட்டி வந்திருந்தார்கள். நாற்காலி போதாமல் தரையிலும் உட்கார்ந்திருந்தார்கள். இத்தனை பேர் என் பேச்சைக் கேட்க வந்தது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. 

முதல் பத்து நிமிஷம் ஒழுங்காகப் போயிற்று. நான் ஒரு வாக்கியம், அவள் ஒரு வாக்கியம். நான் மூஞ்சியைக் கொஞ்சம் நிமிர்த்தி வைத்துக்கொண்டேன்.

பிறகு அவள் வாக்கியம் நீள ஆரம்பித்தது. நான் 'ஈரப்பதம்' என்றேன். அவள் இரண்டு கையையும் சேர்த்துக் கடலை உடைப்பதுபோல் காட்டி, விரல் நுனியை வாயில் வைத்துச் சப்பிக் காட்டினாள். மண்டபம் முழுதும் சிரிப்பு. நான் ஈரப்பதத்தைப் பற்றிச் சிரிக்கிற மாதிரி எதுவும் சொல்லவில்லை. இருந்தாலும் நானும் சிரித்துவைத்தேன்.

பிறகு அந்தப் படம் வந்தது. "The cause is the ignorance of women" என்றேன்.

அவள் உடனே மொழிபெயர்க்கவில்லை. படத்தைத் திரையிலிருந்து எடுத்துவிட்டாள். எழுந்து நின்று பேசினாள். என்னைப் பார்க்கவே இல்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது, நீண்ட நேரம் பேசினாள். நடுவில் ஒரு பெயர் வந்தது. அவள் தம்பி பெயர், எனக்குத் தெரியும். மண்டபத்தில் குழந்தைகூட அழவில்லை. தரையில் இருந்த பெண்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள்.

முன்வரிசையில் மஞ்சள் துணி உடுத்திய ஒரு பெண்மணி எழுந்தாள். துணி புதிதாக விறைத்துக்கொண்டு நின்றது. அவள் முகம் அப்படியே சிக்கொண்டியின் முகம். ஏதோ சொன்னாள். சிக்கொண்டி அழுதுகொண்டே பதில் சொன்னாள். மறுபடி அவள் ஏதோ கேட்டாள், என் பக்கம் கையைக் காட்டினாள். சிக்கொண்டி ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். அந்தப் பெண்மணி எனக்குத் தலை குனிந்து வணக்கம் சொன்னாள். நானும் கும்பிட்டேன்.

அதற்குப் பிறகு எல்லாப் பெண்களும் எழுந்து நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டார்கள். நம் ஊர்க் குலவையேதான். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கேள்விகள் வந்தன, எல்லாம் அவளுக்கு. அவளும் எனக்கு எதையும் மொழிபெயர்க்கவில்லை, நேராகப் பதில் சொன்னாள். நான் பட்டுப்புடவையோடு திரையின் ஓரத்தில் இருந்தேன். யாரோ கேமராவைத் திருப்பினார்கள்போல, கடைசியில் என் தோள்பட்டை மட்டும்தான் தெரிந்தது.

முடிந்ததும் கேட்டேன். "நான் சொன்னத நீ சொல்லலையே?"

"இல்ல மேடம்" என்றாள். மறைக்கவே இல்லை. "தண்ணி தெளிக்கச் சொன்னது நம்ம அறியாமை இல்ல, நம்ம விரல் வலின்னு சொன்னேன். அந்த வலிக்கு யாரும் இதுவரைக்கும் மருந்து கேக்கலன்னு சொன்னேன். இனிமே கேளுங்கன்னு சொன்னேன்."

"உங்கம்மா?"

"'அப்ப நான்தான் அவனுக்குக் கொடுத்தேனா'ன்னு கேட்டாங்க. 'நாம எல்லாருமே கொடுத்தோம்மா, நானும் உடைச்சிருக்கேன்'னேன்."

 கேட்காமல் இருக்க முடியவில்லை. "என் பக்கம் கை காட்டினாங்களே. அது என்ன?"

"'பக்கத்துல பட்டுப் புடவையில இருக்கிற அம்மா யாரு'ன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

அவள் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிக்கொண்டாள்.

"என் பேச்ச இங்கிலீஷ்ல மொழிபெயர்க்க வந்தவங்கன்னு சொன்னேன், மேடம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாலு வருஷம் சோறு போட்டவள் மாதிரி என் வாயில் என்னென்னவோ வந்தது. சொல்லவில்லை. வெளியே வந்து காரில் உட்கார்ந்தேன். அந்த அம்மாள் எனக்குத் தலை குனிந்ததை நினைத்தேன். மொழிபெயர்க்க வந்தவளுக்கு அவ்வளவு மரியாதையாக வணக்கம் சொன்னாளே என்று இருந்தது. பிறகு, அந்த அம்மாளிடம் சிக்கொண்டி வேறு என்ன சொல்லியிருக்க முடியும் என்று யோசித்துப் பார்த்தேன். இதைக் கண்டுபிடித்தவர் இவர்தான் என்றா? என்னை டாக்டர் ஆகவிடாமல் உட்காரவைத்தவர் இவர்தான் என்றா? அவள் சொன்னதுதான் இருந்ததிலேயே மரியாதையான பதில். வண்டியை எடுக்காமல் உட்கார்ந்து அழுதேன்.

செப்டம்பர் 8, திங்கள்

கோயம்புத்தூர்க்காரரிடம் நானே கெஞ்சினேன். பன்னிரண்டாம் தேதி வருகிறேன் என்றார். பத்து நிமிஷத்தில் வைவா தேதிக்கான தாளில் கையெழுத்துப் போட்டுப் பதிவாளர் அலுவலகத்தில் நேரில் கொடுத்தேன். இவ்வளவுதான் வேலை.

சிக்கொண்டி பூஞ்சைத் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். போய்ச் சொன்னேன். ஒரு மாதம் முன்னால் சொல்லியிருந்தால் செருப்பைக் கழற்றாமல் ஓடிவந்து என்னைத் தூக்கிச் சுற்றியிருப்பாள்.

"சரிங்க மேடம்" என்றாள். அடுத்த தட்டை எடுத்தாள்.